ஜீவரத்தினம் வீட்டு ஃபால்ஸ் சீலிங்

இரும்புலியூருக்கு வந்து ஜீவரத்தினம் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, சந்தேக சாரா?" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் வழி சொல்வார்கள். அவருக்கும் இது தெரியும். கோபமெல்லாம் வராது. ஏமாந்த சார் என்று பேர் எடுப்பதற்கு இது எவ்வளவோ தேவலை என்பது அவர் கட்சி.

சந்தேகம் யாருக்குத்தான் வராது? கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து, லேசாக இருக்கிறதே என்று நாமும்தான் முனகுகிறோம். ஜீவரத்தினம் அதற்கென்றே ஒரு தராசு வாங்கினார். தராசு சரியாகக் காட்டுகிறதா என்று அதன்மேல் அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தார். அப்புறம் மூட்டையில் போட்டிருக்கிற எடை நிஜம்தானா என்று ஒரு யோசனை வந்தது. அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சோறே இறங்கவில்லை. "ஆண்டவரே நேர்ல வந்து நின்னாலும் ஐடி கார்டு கேப்பீங்க" என்றாள் மனைவி எப்சி. ரிட்டயரான டீச்சர் அவள். புருஷனைத் திருத்தும் வேலையை மட்டும் எப்போதோ விட்டுவிட்டாள்.

ஒரு டயர் கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆடிட்டில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். உள்ளே வருகிற சரக்கையும் வெளியே போகிற சரக்கையும் எண்ணி எண்ணியே தலை நரைத்த மனுஷர். ஆனால் இந்தக் குணம் ஆபீஸில் ஒட்டிக்கொண்டது இல்லை. கல்யாணமான புதிதில் பெருங்களத்தூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். வீட்டுக்காரர் தங்கமான மனுஷர் போலப் பேசுவார். "ரெண்டே மாசம் தம்பி, ரிப்பேர் பண்ணி, பெயிண்ட் அடிச்சு, உங்களையே கூப்பிடறேன்" என்றார். எப்சி அப்போது நிறைமாதம். சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனார்கள். ரெண்டு மாதம் கழித்து வந்து பார்த்தால், அந்த வீட்டுக் கொடியில் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. மகள் டெபோரா பிறந்தது மாமியார் வீட்டு வராந்தாவில். அதிலிருந்து, ரிப்பேருக்காகக் கொஞ்ச நாள் காலி பண்ணுங்கள் என்கிற பேச்சைக் கேட்டாலே அவர் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் பிஎஃப் பணம் அத்தனையையும் போட்டு வாங்கியதுதான் மல்லிகை அபார்ட்மெண்ட்ஸின் தரைத்தள வீடு. ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி இரண்டாவது தெரு. மொத்தமே எட்டு வீடு. அசோசியேஷன் செகரட்டரி, கேட்கவே வேண்டாம், அவர்தான். வேறு யாரிடமும் அந்தப் பதவியைக் கொடுக்க அவருக்கு நம்பிக்கை இல்லை.

நேர் மேல்வீட்டில் ஸ்ரீரங்கன். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜீவரத்தினம் எந்த அளவுக்கு யாரையும் நம்பமாட்டாரோ, அந்த அளவுக்கு அவர் எல்லாரையும் நம்புவார். காய்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருவார். வெளியூர் போனால் வீட்டுச் சாவியை, பீரோ சாவியோடு சேர்த்து, ஜீவரத்தினத்திடம் கொடுத்துவிட்டுப் போவார். "பீரோ சாவியை எதுக்கு சார் குடுக்கறீங்க?" என்று ஜீவரத்தினம் பதறினால், "எங்க வெச்சேன்னு நான் மறந்துடுவேன், உங்ககிட்ட இருந்தா பத்திரம்" என்பார். உலகத்தில் ஜீவரத்தினம் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான். சந்தேகப்பட ஒரு இடுக்காவது வேண்டுமே, அதுவும் இல்லாத மனுஷர்.

தாம்பரம் மாநகராட்சி ஆனபோது தெருவே சந்தோஷப்பட்டது. இவர் மட்டும், "பேரு பெருசானா வரியும் பெருசாகும், பாத்துக்கிட்டே இருங்க" என்றார். தெருமுனையில் பாதுகாப்புக்கென்று கேமரா வைத்தார்கள். ஏரியா சபைக் கூட்டத்தில் எழுந்து, "அது ரோட்டைப் பாக்குதா, எங்க வீட்டு ஜன்னலைப் பாக்குதா?" என்று கேட்டார். கவுன்சிலர் அம்மா பொறுமைசாலி. ஆளை அனுப்பி, அந்தக் கேமராவில் என்ன தெரிகிறது என்று அவருக்கே காட்டச் சொன்னார். பார்த்தார். ரோடுதான் தெரிந்தது. "இப்ப ரோடு தெரியுது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இந்த நிலைமையில்தான் போன நவம்பரில் அடுத்த செய்தி வந்தது. வார்டில் இருக்கிற பழைய அடுக்குமாடிக் கட்டடங்களையெல்லாம் மாநகராட்சி எஞ்சினியர் வந்து பார்ப்பார். பலவீனமாக இருக்கிறதற்கு முட்டுக் கொடுத்துப் பழுது பார்க்க இந்த வருஷ பட்ஜெட்டில் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வேலை முடிகிறவரை குடியிருப்பவர்கள் வேறு இடத்தில் இருந்துகொண்டு, அப்புறம் திரும்பி வந்துவிடலாம்.

ஸ்ரீரங்கன், "நல்ல விஷயமா இருக்கே" என்றார். ஜீவரத்தினத்துக்கு அந்தச் செய்தியின் கடைசி வார்த்தைதான் காதில் விழுந்தது. திரும்பி வந்துவிடலாம். பெருங்களத்தூர் கொடியில் காய்ந்த துணி கண்முன்னால் வந்து நின்றது.

அன்று சாயங்காலமே அசோசியேஷன் கூட்டத்தைக் கூட்டினார். மொட்டை மாடியில் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். போன மாதம்தான் ஒரு பில்டர் வந்து, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டுப் போயிருந்தான். இரண்டையும் முடிச்சுப் போட ஜீவரத்தினத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? "முதல்ல பில்டர் வர்றான். பின்னாடியே இன்ஸ்பெக்ஷன் வருது. சும்மா வருதா? வீக்குன்னு சொல்லுவாங்க, காலி பண்ணச் சொல்லுவாங்க, நாம திரும்பி வர்றப்போ இங்க பத்து மாடி நிக்கும். நல்லாக் கேட்டுக்குங்க. இந்தக் கட்டடம் வீக்குன்னு எவன் வாயைத் திறந்தாலும், அவன் பில்டர்கிட்ட வாங்கிட்டான்னு அர்த்தம்."

கைதட்டல்கூட விழுந்தது. கைதட்டியவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. கட்டடம் வீக்குதான். அது செகரட்டரிக்குத் தெரியும்.

அவர் வீட்டில் ஸ்டோர் ரூமாகக் கிடந்த பின்பக்க அறையில் சீலிங் காரை பெயர்ந்து விழ ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து எந்தக் காலத்திலோ இறங்கிய தண்ணீர். குழாயை ஸ்ரீரங்கன் அப்போதே சரி பண்ணிவிட்டார், ஆனால் இறங்கின ஈரம் உள்ளே வேலையைக் காட்டிவிட்டது. கம்பி துருப்பிடித்து உப்பி, காரையைத் தள்ளிக்கொண்டு வெளியே தெரிந்தது. எப்சி கண்ணில் படாமல் அந்த அறையைப் பூட்டிச் சாவியை அவரே வைத்திருந்தார். அந்தத் தளம்தான் ஸ்ரீரங்கன் வீட்டுப் பின்னறைக்குத் தரை. அந்த அறையில் ஒரு பழைய கட்டிலும் நாலு அட்டைப் பெட்டியும்தான் கிடந்தன. யாரும் புழங்குவதில்லை. ஸ்ரீரங்கனிடம் சொல்லலாமென்றால், அவரிடம் சொல்வதும் ஊருக்கே சொல்வதும் ஒன்றுதான். ஒளிக்கத் தெரியாத மனுஷர். எஞ்சினியரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார்.

எப்சி கேளம்பாக்கத்தில் மகள் டெபோரா வீட்டுக்குப் போயிருந்த வாரம், ஜெயவேலு என்கிற கொத்தனாரைக் கூப்பிட்டார். ஜெயவேலு அண்ணாந்து பார்த்தான். "இன்னா சார், கம்பி புல்லா துரு பூந்துகீது. மேல பூசுனா நிக்காது. பேசாம ஃபால்ஸ் சீலிங் போட்டுடு சார். லைட்டு கிட்டு வெச்சா சோக்கா இருக்கும். உள்ள இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியப் போவுது?" அவனுக்கு வேலை கிடைத்தால் சரி. இவருக்கு மூடினால் சரி. மூன்றே நாளில் வெள்ளை வெளேரென்று பலகை அடித்து, சின்ன விளக்குகள் பதித்து, வீட்டுக்கே பெயிண்டும் அடித்தாயிற்று. கிறிஸ்மஸுக்கு முன்னால் பெயிண்ட் அடிக்காத கிறிஸ்தவ வீடு தாம்பரத்தில் உண்டா? யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

எப்சிக்கு மட்டும் தோன்றியது. வாசலில் பையை வைத்துவிட்டுப் பின்னறை வரை வந்து மேலே பார்த்தாள். "ஃபேன் ரெகுலேட்டர் மாத்தவே ஒரு வருஷம் யோசிச்ச மனுஷன், ஸ்டோர் ரூமுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கீங்களே, என்ன சமாச்சாரம்?" என்றாள். "உனக்கு சர்ப்ரைஸ்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கொடுத்த முதல் சர்ப்ரைஸ் அது. அவள் நம்பவில்லை. ஆனால் ஆசையாக இருந்தது, விட்டுவிட்டாள்.

எஞ்சினியர் அனந்தகிருஷ்ணன் சின்ன வயசுக்காரர். கையில் ஒரு சின்னச் சுத்தியல். ஒவ்வொரு வீட்டிலும் சுவரையும் சீலிங்கையும் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். கணீரென்றால் நல்ல காரை, டொப்பென்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. பின்னறைக்கு வந்ததும் நின்றார்.

"இதுல ஒரு பலகையை மட்டும் கழட்டிப் பாக்கலாமா சார்?"

"இப்பத்தான் போட்டது தம்பி, பண்டிகை முடியட்டுமே. உள்ள எல்லாம் ஜம்முனு இருக்கு. நானே பாத்துட்டுத்தான் மூடச் சொன்னேன்."

அனந்தகிருஷ்ணன் சிரித்துவிட்டார். "நீங்க பாத்தீங்கன்னா சரியாத்தான் சார் இருக்கும். போன வருஷம் கால்வாய் மூடியில ஜல்லி கம்மின்னு எங்களையே திரும்பப் போட வெச்ச ஆளாச்சே நீங்க." கூடவே நின்றுகொண்டிருந்த ஸ்ரீரங்கனும், "ஜீவா சார் கண்ணுல ஒரு தூசி தப்பாது" என்றார். எப்சி ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தாள். கட்டடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எஞ்சினியர் அடுத்த தெருவுக்குப் போனார். ஜீவரத்தினத்துக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். அன்றைக்கு ராச்சாப்பாட்டுக்கு இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் எத்தனை நாளைக்கு?

மாசி மாதம் ஸ்ரீரங்கனின் மகள் ஸ்நேகா பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. முன்னறையில் ரோட்டுச் சத்தம் என்று பின்னறையைக் கழுவித் துடைத்து, அம்மாவுக்கும் குழந்தைக்கும் அதுதான் அறை என்று ஆக்கிவிட்டார்கள். பேர் வைக்கிற விசேஷமும் அங்கேயேதான். ஜீவரத்தினத்தையும் எப்சியையும் முதல் ஆளாகக் கூப்பிட்டிருந்தார்கள். போனால், அந்த அறையில் கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. பெரிய பெரிய ஆட்கள். பட்டுப்புடவையும் வியர்வையுமாகத் தரை தெரியவில்லை. எப்சி உள்ளே போய்விட்டாள். இவர் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"உள்ள வாங்கோ சார்" என்றாள் ஸ்ரீரங்கன் மனைவி சுந்தரவல்லி.

"இல்ல... ஹால்ல வெச்சா காத்தோட்டமா இருக்குமேன்னு பாத்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்ரீரங்கன் வந்து கையைப் பிடித்து இழுத்து, குழந்தை பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். குழந்தை காதில் பேர் சொன்னார்கள். ஜீவரத்தினத்துக்கு அந்தப் பேர் காதில் விழவே இல்லை. காலுக்கு அடியில் தன் வீட்டு வெள்ளைப் பலகை இருப்பதும், அதற்கும் தரைக்கும் நடுவே இருக்கிற கம்பியும்தான் நினைப்பாக இருந்தது.

அன்றிலிருந்து மனுஷருக்கு நிம்மதி போயிற்று. வெளியே எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தவர், இப்போது சொந்த வீட்டு சீலிங்குக்குக் கீழே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே வாஷிங் மெஷின் ஓடினால் விளக்குப் பதித்த ஓட்டை வழியாகப் பொடி உதிர்ந்தது. ஒருநாள் மத்தியானம் பலகைக்கு மேலே தொப்பென்று ஏதோ விழுந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு பலகையை நகர்த்தி டார்ச் அடித்துப் பார்த்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு காரைத் துண்டு கிடந்தது. அது விட்டுவந்த இடத்தில் கம்பி விரல் விரலாகப் பிரிந்திருந்தது. பலகையைத் திரும்ப மூடினார். ஆமாம், மூடினார். அந்த நேரத்திலும் அந்த ஆளுக்கு மூடத்தான் தோன்றியது.

அதற்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடத்தைப் பலவீனம் என்று சொல்லி, ஆட்களைக் காலி பண்ண வைத்து, இரும்பு முட்டுக் கொடுத்து வேலை நடந்துகொண்டிருந்தது. பால் வாங்குகிற சாக்கில் தினமும் அந்த வழியாகத்தான் போவார். அங்கே பில்டர் வருகிறானா? அளக்கிறார்களா? வேறு போர்டு மாட்டுகிறார்களா? அப்படி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், தான் செய்தது சரி என்று ஆகிவிடும். அதுவரை வாயைத் திறப்பதில்லை என்று வைத்திருந்தார். அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் கவுன்சிலர் அம்மா எந்த வேலைக்கு எவ்வளவு என்று படித்தபோதும், ஜீவரத்தினம் எழுந்து நின்று, "அந்தக் கட்டடத்து ஜனங்க எப்ப திரும்பி வருவாங்க?" என்று கேட்டார். "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள சார்" என்றார் அவர்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் அந்தக் கட்டடத்துக்கு வண்டி வண்டியாகச் சாமான்கள் திரும்பி வந்தன. அதே ஆட்கள். அதே வீடுகள். ஒரு அம்மாள் பழைய துளசித் தொட்டியை அதே மூலையில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜீவரத்தினம் பால் பையோடு தெருவில் நின்று பார்த்தார். சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. கோணல் மாணலாக எப்படிப் பார்த்தாலும் இல்லை. தன் வீட்டு சீலிங்கை இவர் மூடாமல் இருந்திருந்தால் மல்லிகை அபார்ட்மெண்ட்ஸுக்கும் இதே வேலை நடந்து, இதே மாதிரி வண்டி வந்து இறங்கியிருக்கும்.

அன்றே மேல்வீட்டுக்குப் போனார். உள்ளதைச் சொல்லத்தான் போனார். ஸ்ரீரங்கன் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "உங்க பின்ரூம்ல தண்ணி லீக் ஆகுது போல. குழந்தையைக் கொஞ்ச நாள் ஹாலுக்கு மாத்துங்களேன்" என்றார். ஸ்ரீரங்கன் அன்று மாலையே பிளம்பரைக் கூட்டிவந்துவிட்டார். பிளம்பர் எல்லாக் குழாயையும் பார்த்துவிட்டு, ஒரு சொட்டு லீக் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். குழந்தை பின்னறையிலேயே தூங்கியது.

மறுநாள் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார். அனந்தகிருஷ்ணன் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். ஜீவரத்தினம் உட்காராமலே, "எங்க கட்டடத்தைத் திரும்ப வந்து பாருங்க தம்பி. வீக்கா இருக்கு" என்றார்.

அனந்தகிருஷ்ணன் முகம் மாறியது. "அன்னிக்கு நீங்கதானே சார் ஜம்முனு இருக்குன்னு சொன்னீங்க?"

"அன்னிக்கு சொன்னேன். இப்ப சொல்றேன், வீக்கு."

"ஆறு மாசத்துல எப்படி சார்?" கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தெருவுல பில்டர் ஒருத்தர் சுத்திக்கிட்டிருக்கார்னு எனக்கும் தெரியும். கட்டடம் வீக்குன்னு ரிப்போர்ட் வேணும்னு இந்த மாதிரி திடீர்னு வர்றவங்களை நான் நிறையப் பாத்துட்டேன். உங்களுக்கு யாராவது ஏதாவது பேசினாங்களா?"

முப்பது வருஷம் எத்தனை பேரை உட்கார வைத்து இதே கேள்வியை இதே குரலில் கேட்டிருப்பார் ஜீவரத்தினம். சீலிங்கை மூடியதைச் சொல்லவேண்டிய இடம் அது. "வந்து பாருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். வியாழக்கிழமை வருகிறேன் என்றார் அனந்தகிருஷ்ணன்.

வியாழக்கிழமைக்கு முன்னாலேயே மழை வந்துவிட்டது. காலையிலிருந்து கொட்டு கொட்டென்று கொட்டியது. பதினோரு மணிவாக்கில் பின்னறையில் ஒரு சத்தம். இந்த முறை தொப்பென்று இல்லை, ஏதோ இழுபட்டுக் கிழிகிற மாதிரி. வெள்ளைப் பலகையின் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. ஜீவரத்தினம் செருப்புகூடப் போடாமல் மாடிப்படி ஏறினார்.

"ஸ்ரீரங்கன் சார், குழந்தையை வெளிய எடுங்க. உங்க ரூம் தளம் வீக்கா இருக்கு. இப்பவே எடுங்க."

ஸ்ரீரங்கன் பேப்பரை மடித்து வைத்தார். அவர் முகத்தில் ஜீவரத்தினம் இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. "நேத்து எஞ்சினியர் எனக்கு ஃபோன் பண்ணார். உங்களுக்கும் அந்த பில்டருக்கும் பேச்சு ஏதாவது இருக்கான்னு கேட்டார். ஜீவா சார் அப்படிப்பட்டவர் இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொன்னேன். ராத்திரி பூரா எனக்கு மனசு கேக்கல. முதல்ல லீக்குன்னீங்க. லீக் இல்ல. இப்ப வீக்குங்கறீங்க. கட்டடம் வீக்குன்னு சொல்றவன் வாங்கிட்டவன்னு மொட்டை மாடியில சொன்னது நீங்கதானே சார்?"

"நான்தான். கீழ வாங்க. ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. பாத்துட்டு என்னைச் செருப்பால அடிங்க."

அந்தக் குரலுக்காகத்தான் ஸ்ரீரங்கன் எழுந்து வந்தார். கீழே எப்சி பின்னறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஜீவரத்தினம் ஒட்டடைக் குச்சியைத் திருப்பிப் பிடித்து, வயிறு தள்ளியிருந்த பலகையை ஒரே குத்தாகக் குத்தினார். பலகை பிளந்தது. காரையும் துருவும் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி தரையில் கொட்டின. புழுதி அடங்கியதும் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். கம்பிகள் தொங்கின. தளத்தின் குறுக்கே ஒரு விரிசல் கையை விடலாம் போல இருந்தது. மேலே ஸ்நேகா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. அவள் வைத்த ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் பொடி உதிர்ந்தது.

ஸ்ரீரங்கன் ஓடினார். அந்த வயசில் அப்படி ஒரு ஓட்டம். "ஸ்நேகா, அங்கேயே நில்லு. இல்ல, வெளிய வா. மெதுவா வா" என்று மாடிப்படியிலேயே அவர் குரல் உடைந்தது.

நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. எட்டு வீட்டுக்காரர்களும் நனைந்துகொண்டே தெருவுக்கு வந்தார்கள். ஃபோன் பண்ணியதும் அனந்தகிருஷ்ணன் மழையிலேயே ஆட்களோடு வந்து, சாயங்காலத்துக்குள் இரும்பு முட்டு நிறுத்திவிட்டார். உடைந்து கிடந்த வெள்ளைப் பலகையைக் காலால் நகர்த்தினார். "அன்னிக்கு ஒரே ஒரு பலகையைக் கழட்ட விட்டிருக்கலாமே சார்" என்றார். அவர் திட்டியிருந்தால் ஜீவரத்தினத்துக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

எதிர்வீட்டு போர்டிகோவில் குழந்தையை வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கன் உட்கார்ந்திருந்தார். ஜீவரத்தினம் பக்கத்தில் போய் நின்றார்.

"கிறிஸ்மஸுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்."

"பேர் வெச்ச அன்னிக்கு?"

"தெரியும்."

"நான் உங்களைக் கையைப் பிடிச்சு உள்ள இழுத்தேனே, அப்பவும்?"

ஜீவரத்தினம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஸ்ரீரங்கன் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே சேலையூரில் மகன் உமேஷ் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜீவரத்தினமும் எப்சியும் கேளம்பாக்கம் போனார்கள். அங்கே டெபோராவின் வீடு பதினாலாவது மாடி. எப்சி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பேசிய முதல் வார்த்தை, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்பதுதான்.

வேலை தீபாவளிக்குள் முடிந்தது. பட்ஜெட்டில் மிச்சமிருந்ததிலிருந்து எடுத்துச் செய்தார்கள். சொன்னபடி எல்லாரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். செகரட்டரி பதவியை யாரும் கேட்கவில்லை. அவராகவே கொடுத்துவிட்டார். தெருவில் போனால் பழைய சிரிப்பு இல்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் காலை காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தால் ஸ்ரீரங்கன். கையில் புதிதாக வாங்கிய சின்னச் சுத்தியல். பின்னாலேயே உமேஷ் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே வைத்துவிட்டு, ஆபீஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான்.

"பின்ரூம் சீலிங்கைத் தட்டிப் பாக்கணும்" என்றார் ஸ்ரீரங்கன். வணக்கம் இல்லை, சார் இல்லை.

"எஞ்சினியர் ரெண்டு தடவை வந்து பாத்துட்டாரே. பிரமாதமா வந்திருக்கு. நானே பக்கத்துல நின்னு..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

காய்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற அந்த மனுஷர் பின்னறைக்கு நடுவில் ஏணியை விரித்து வைத்தார். வயசான முழங்கால். முதல் படியில் ஒரு கால் வைத்ததுமே ஏணி ஆடியது. ஜீவரத்தினம் ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஸ்ரீரங்கன் காலைக் கீழே எடுத்து வைத்தார். அவரைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"எப்சி டீச்சர், கொஞ்சம் வந்து இந்த ஏணியைப் பிடிக்கிறீங்களா?"

எப்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். ஜீவரத்தினம் கையை எடுத்தார். அவள் பிடித்துக்கொண்டதும் ஸ்ரீரங்கன் மேலே ஏறினார்.